புருலியாவில் ஏப்ரல் மாதம் நடக்கப் போனேன்

எங்கள் விளவங்கோடு பக்கத்தில் நவம்பர் 1 என்றால் தனி நாள். 1956இல் அன்றுதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அப்படிச் சேரக் கேட்டுப் போராடியவர்கள் மீது 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்தில் போலீஸ் சுட்டபோது, என் அப்பா கூட்டத்துக்குள் நின்றவர். வெடிச்சத்தம் கேட்டதும் மரச்சீனித் தோட்டத்துக்குள் ஓடிப் படுத்துக்கொண்ட கதையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்தியவன் நான். ஆனாலும் அதே 1956 நவம்பர் 1 அன்று, அதே மாதிரி மொழிக்காக அலைந்து, பீகாரிலிருந்து பிரிந்து மேற்கு வங்காளத்தோடு சேர்ந்த மாவட்டம் ஒன்று உண்டு என்பது ஓய்வுபெற்ற பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. புருலியா. மாநிலச் சீரமைப்பு பற்றிய ஒரு புத்தகத்தில் ஒரே ஒரு வரியாக இருந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு போனதில் நாற்பத்தெட்டாயிரம் ரூபாயும், கிட்டத்தட்ட ஒன்பது மாதமும், கொஞ்சம் உடம்பும் போயின. போனதற்காக வருத்தமில்லை. முன்கூட்டி யாராவது நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிக் கஷ்டம் குறைந்திருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வங்க மொழிப் போராட்டம் என்றால் நமக்கெல்லாம் டாக்காதான். 1952 பிப்ரவரி 21. யுனெஸ்கோ 1999இல் அந்த நாளை உலகத் தாய்மொழி நாளாக்கியதால் நம்மூர்ப் பள்ளிக்கூடங்களிலும் அது வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் வாசித்தவர்களுக்கு அசாமின் சில்சார் தெரியும். 1961 மே 19 அன்று ரயில் நிலையத்தில் பதினொரு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதில் ஒருத்தி கமலா பட்டாச்சார்யா, பதினாறு வயது. ஆனால் இவை இரண்டுக்கும் முன்பே தொடங்கியது மான்பூம் போராட்டம். இன்றைய புருலியா அந்தப் பழைய மான்பூம் மாவட்டத்தின் ஒரு பகுதி. 1912இல் பீகார்-ஒரிசா மாகாணம் உருவானபோது வங்க மொழி பேசும் மான்பூம் மாவட்டத்தையும் அதில் சேர்த்துவிட்டார்கள். அப்போதே எதிர்ப்புக் குரல் எழுந்தது. சுதந்திரம் வந்த பிறகு நிலைமை மோசமானது. பள்ளிக்கூடத்தில் இந்தி, அலுவலகத்தில் இந்தி, பெயர்ப் பலகையிலும் இந்தி. மாவட்டக் காங்கிரஸில் மொழிப் பிரச்சினையை வைத்து வாக்கெடுப்பு நடந்து தோற்றதும், அதுல் சந்திர கோஷும் தோழர்களும் காந்தியின் வழியிலேயே தனியாகப் போவது என்று முடிவு செய்து, 1948 ஜூன் 14 அன்று பாக்பிர்ரா என்ற கிராமத்தில் லோக் சேவக் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1952 தேர்தலில் அந்தச் சின்னச் சங்கம் இரண்டு மக்களவைத் தொகுதிகளையும் ஏழு சட்டமன்றத் தொகுதிகளையும் வென்றது. 1956 ஜனவரியில் வங்க முதல்வர் பிதான் சந்திர ராயும் பீகார் முதல்வர் ஸ்ரீகிருஷ்ண சின்ஹாவும் இரண்டு மாநிலங்களையும் ஒன்றாக இணைத்துவிடலாம் என்று அறிவித்தபோது, மான்பூம்காரர்களுக்கு இத்தனை வருடப் பாடும் கரைந்து போகும் என்று பட்டது. ஏப்ரல் 20 அன்று அதே பாக்பிர்ராவிலிருந்து சுமார் ஆயிரம் பேர் கல்கத்தாவுக்கு நடக்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். மே 6 அன்று போய்ச் சேர்ந்தார்கள்.

அதே நாளில், அதே இடத்திலிருந்து நானும் நடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. 2024 ஏப்ரல் 20. முதல் தவறு அந்தத் தேதிதான். அவர்கள் அந்த வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள், ஆயிரம் பேராகப் போனார்கள், வழியெங்கும் ஊர்க்காரர்கள் சோறும் தண்ணீரும் கொடுத்தார்கள். நான் கடற்காற்றில் வளர்ந்தவன், வயது அறுபது, தனி ஆள். நாள் ஒத்துப்போக வேண்டும் என்று மட்டும்தான் யோசித்தேனே தவிர, அந்த மண்ணில் ஏப்ரல் என்பது என்ன என்று யாரிடமும் கேட்கவில்லை. புருலியாவும் பாங்குராவும் சோட்டா நாகபுரிப் பீடபூமியின் விளிம்பு. சிவந்த சரளை மண், நிழலுக்கு ஒதுங்க வேண்டுமென்றால் அரை மணி நேரம் நடக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் லூ என்கிற அனல்காற்று வீசத் தொடங்கிவிடும். அந்த ஏப்ரலில் வங்காளம் முழுக்க வெப்ப அலை. வெயில் தாங்காமல் அரசே கோடை விடுமுறையை ஏப்ரல் 22க்கு முன்கூட்டிவிட்டது. போகிற வழியில் பள்ளிக்கூடத்து வராந்தாக்களில் படுத்துக்கொள்ளலாம், வாத்தியார்களிடம் கொஞ்சம் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளலாம் என்று நான் போட்டிருந்த கணக்கு அதோடு போயிற்று. எல்லாப் பள்ளிக்கூடமும் பூட்டிக் கிடந்தது.

இரண்டாவது தவறு, மொழிபெயர்க்க ஆள் பிடித்த விதம். கல்கத்தாவில் படிக்கும் ஓர் இளைஞனைத் தெரிந்தவரின் தெரிந்தவர் மூலம் போனிலேயே பேசிப் பிடித்தேன். பதினாறு நாளும் கூடவே வருவதாகச் சொன்னான், முன்பணம் எட்டாயிரம் கேட்டான், அனுப்பினேன். ஏப்ரல் 18 அன்று புருலியா ஸ்டேஷனில் இறங்கிப் போன் போட்டால் எடுக்கவில்லை. மறுநாள் எண்ணே அணைந்திருந்தது. அன்று ராத்திரி லாட்ஜ் அறையில் உட்கார்ந்து அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. பணத்துக்காக இல்லை, இனி வாயில்லாத ஆளாகத்தான் நடக்கப் போகிறோம் என்ற பயம். இப்படி யாரையாவது ஏற்பாடு செய்கிறவர்கள், கல்கத்தாவிலிருந்து ஆள் தேடாதீர்கள். புருலியாவின் கிராமத்துப் பேச்சு கல்கத்தாப் பேச்சு இல்லை, அந்தப் பையன் வந்திருந்தாலும் பாதி புரியாமல் திணறியிருப்பான். உள்ளூரிலேயே ஓர் ஆசிரியரையோ கல்லூரி மாணவரையோ நேரில் பார்த்துப் பேசி, தினமும் சாயங்காலம் அன்றன்றைய கூலியைக் கொடுத்துவிடுவதுதான் சரி.

போகிற வழி பற்றி ஒரு நல்ல செய்தியும் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்திலிருந்து புருலியாவுக்கு நேரடி ரயில் இருக்கிறது. நான் போன பெட்டியில் முக்கால்வாசிப் பேர் வேலூரில் வைத்தியம் முடித்துத் திரும்புகிற வங்காளிகள். மடியில் எக்ஸ்ரே உறைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புருலியா, பாங்குரா, பர்த்வான் பக்கம் நடந்தபோது ஒவ்வோர் ஊரிலும் இதன் பயனைப் பார்த்தேன். தமிழ்நாடு என்றால் சிலருக்குப் புரியாது, சென்னை என்றாலும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், வேலூர் என்றால் முகம் மலர்ந்துவிடும். அவர்கள் வாயில் அது 'பேலோர்'. யாராவது ஓர் அத்தையோ மாமாவோ அங்கே போய்ப் பிழைத்து வந்திருப்பார்கள். வழியில் தண்ணீர் கேட்கவும் படுக்க இடம் கேட்கவும் அந்த ஒரு சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது.

எண்களைக் கற்றுக்கொள்ளாமல் போகாதீர்கள். எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரிய வேண்டும். வங்க நாலு அப்படியே நம்முடைய 8 மாதிரி இருக்கும், வங்க ஏழு நம்முடைய 9 மாதிரி. பாக்பிர்ராவுக்குப் பக்கத்தில் உள்ள பூஞ்சா போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டதற்கு ஒரு கடைக்காரர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். எட்டு என்று படித்துக்கொண்டு ராத்திரி ஏழரைக்குப் போய் நின்றேன். பஸ் சாயங்காலம் நாலு மணிக்கே போய்விட்டது. லாட்ஜில் இன்னொரு ராத்திரி, ஏழுநூறு ரூபாய். அடுத்த நாள் ஒரு கடையில் பாக்கிச் சீட்டைப் பார்த்து நாற்பத்தேழு ரூபாய்க்கு எண்பத்தொன்பது கொடுத்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.

பாக்பிர்ரா பெரிய ஊர் ஒன்றும் இல்லை. பழைய சமணச் சின்னங்கள் இருக்கிற இடம். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு தீர்த்தங்கரர் கருங்கல்லில் நிற்கிறார், ஊர்க்காரர்கள் அவரைப் பைரவர் என்று கும்பிடுகிறார்கள். எங்கள் சிதறால் மலையில் சமணச் சிற்பங்களுக்கு நடுவே பகவதி இருப்பது ஞாபகம் வந்தது. இந்த இடத்தில்தான் சங்கம் தொடங்கியது, இங்கிருந்துதான் ஆயிரம் பேர் புறப்பட்டார்கள். அன்று அங்கே நான் ஒருவன்தான் நின்றேன், கூட ஓர் ஆட்டுக்காரப் பையன். டாக்காவில் ஒரு நாளும் சில்சாரில் ஒரு நாளும் ரத்தத்தால் குறிக்கப்பட்டுவிட்டன. மான்பூம்காரர்கள் வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறைக்குப் போனார்கள், பாட்டுப் பாடினார்கள், கடைசியில் நடந்தார்கள். அதற்கு ஒரு தேதியைச் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. உலகம் அதை மறந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது.

அன்று நான் கிளம்பியபோது மணி ஏழரை. விடிவதற்கு முன்பே, நாலரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் நடையை முடித்திருக்க வேண்டும். பத்தரைக்கெல்லாம் தார் ரோட்டின் சூடு ஷூவுக்குள் ஏறிவிட்டது. அந்த ஷூவும் இதற்காகவே ஐயாயிரத்து நானூறு கொடுத்து வாங்கியது, அதற்கு முன் ஒரு நாள்கூடப் போட்டு நடந்ததில்லை. முதல் நாளே இரண்டு குதிகாலிலும் கொப்புளம். மூன்றாம் நாள் அதைப் பையில் கட்டிப் போட்டுவிட்டு ரப்பர் செருப்பில் நடந்தேன். புது ஷூவைக் குறைந்தது ஒரு மாதம் ஊரிலேயே போட்டு நடந்து பழக்குங்கள், இல்லையென்றால் பழைய செருப்பே மேல்.

சாப்பாட்டில் குறை வரவில்லை. அந்தப் பக்கத்து மக்களுக்கு உயிர், அவர்கள் 'முடி' என்று சொல்வது. நம் பொரிதான். எண்ணெய் கொஞ்சம் விட்டு, வெங்காயம், பச்சைமிளகாய், வேகவைத்த கடலை சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். வெயில் காலத்தில் பாந்தா பாத், அதாவது நம்முடைய பழைய சோறு, நீரும் வெங்காயமுமாக. ஒரு வீட்டம்மா என் முன்னால் அந்தக் கிண்ணத்தை வைத்தபோது நான் உரிமையோடு குனிந்து நீரைக் குடித்ததைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம். அதுவரை வெளியூர் ஆள் என்று வாசலில் உட்கார வைத்தவர், அப்புறம் உள்ளே பாய் விரித்தார். பள்ளிக்கூட வாத்தியார் என்று சைகையில் புரிய வைத்த பிறகு எல்லாரும் 'மாஸ்டர்மொஷாய்' என்று கூப்பிட்டார்கள்.

அது மக்களவைத் தேர்தல் நேரம் வேறு. புருலியாவுக்கும் பாங்குராவுக்கும் மே 25 அன்று வாக்குப்பதிவு. சுவரெல்லாம் சின்னம். நோட்டுப் புத்தகமும் கையுமாக ஒருவன் கிழவர்களைத் தேடிப் பேசினால் என்ன நினைப்பார்கள்? ஓர் ஊரில் இளைஞர்கள் நாலு பேர் சுற்றி நின்று எந்தக் கட்சி, யார் அனுப்பியது என்று கேட்டார்கள். பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். ஒன்றும் செய்யவில்லை, ஆனால் கை நடுங்கிவிட்டது. தேர்தல் நேரத்தில் இப்படி ஊர் ஊராகப் போக வேண்டாம். போயே ஆக வேண்டுமென்றால், எதற்காக வந்திருக்கிறோம் என்பதை வங்க மொழியில் ஒரு பக்கம் எழுதி அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் ரொக்கமாக ஐம்பதாயிரத்துக்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள், சோதனையில் அதற்கு மேல் இருந்தால் கணக்குக் காட்டச் சொல்வார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு டீக்கடையில், 1956இல் பதிமூன்று வயதாக இருந்த பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். கடையில் இருந்த ஒரு கல்லூரிப் பெண் அவர் சொன்னதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். ஊர்வலத்தில் அவருடைய சித்தப்பா போனாராம். பாட்டி பொரியையும் வெல்லத்தையும் துணியில் கட்டிக் கொடுத்தாளாம். இவரும் அழுதுகொண்டே பின்னால் ஓடியிருக்கிறார், இரண்டு ஊர் தாண்டியதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதற்குப் போகிறார்கள் என்று அப்போது தெரிந்ததா என்று கேட்டேன். தெரியும் என்றார். பள்ளிக்கூடத்தில் புது வாத்தியார் வந்து இந்தியில் கேள்வி கேட்பார், தெரிந்த கணக்குக்கும் பதில் சொல்லத் தெரியாமல் நிற்பேன், அடி விழும், அது நிற்கும் என்று சித்தப்பா சொல்லியிருந்தார் என்றார். முப்பத்து மூன்று வருடம் வகுப்பறையில் நின்றவன் எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்தப் பெரியவரின் வீட்டில் பேசுவது வங்க மொழி இல்லை, குட்மி மக்களின் மொழியான குட்மாலி என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மான்பூமில் வங்க மொழிக்காகச் சிறைக்குப் போனவர்களில் குட்மி இனத்து மஹதோக்களும் சந்தால் பழங்குடிகளும் ஏராளம். மொழிக்காகப் பாட்டுக் கட்டியதற்காகப் பிடிபட்ட பஜஹரி மஹதோ மக்களவை உறுப்பினராக இருந்தவர். இன்று அதே குட்மி மக்கள் குட்மாலியை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அது கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி. வங்க மொழிக்குத் தோள் கொடுத்தவர்களின் மொழி வெளியே நிற்பது எனக்கு வலிக்கிறது.

ஐந்தாம் நாள், பாங்குராவைத் தாண்டிப் பேலியாத்தோட் போகிற ரோட்டில், சால் மரக் காட்டுக்குள் நுழைகிற இடத்தில் விழுந்தேன். அதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே வியர்வை நின்றுவிட்டது. வெயில் இறங்கிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். வெயிலில் நடக்கும்போது வியர்வை நின்றால் அது ஆபத்து, உடனே நிழலில் உட்கார்ந்து உடம்பை நனைக்க வேண்டும் என்று அப்புறம் மருத்துவர் சொன்னார். இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். வாந்தி வந்தது, ரோடு சாய்ந்தது, அவ்வளவுதான் ஞாபகம். டோட்டோ என்று அங்கே சொல்லும் பேட்டரி ரிக்‌ஷாக்காரர் ஒருவர் தூக்கிப் போட்டு அடுத்த ஊர் வரை கொண்டுபோய், அங்கிருந்து ஒரு கார் பிடித்து பாங்குராவில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். காருக்கு ஆயிரத்து எண்ணூறு.

அங்கே கழிந்த மூன்று நாளைப் பற்றி நினைத்தால் இன்னமும் நெஞ்சு கனக்கிறது. வைத்தியம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் நர்ஸம்மாக்கள் கேட்டது எனக்குப் புரியவில்லை, நான் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை. எனக்குச் சர்க்கரை உண்டு, காலையில் இந்த மாத்திரை போட வேண்டும் என்பதைச் சொல்லவே அரை நாள் ஆயிற்று. ஒரு தாளைக் கொண்டுவந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முழுக்க வங்க எழுத்து. எதற்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று தெரியாமலே போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பெரியவரின் முகம் கண் முன்னால் வந்தது. கோர்ட்டிலும் தாசில்தார் ஆபீஸிலும் புரியாத எழுத்துக்குக் கீழே கைநாட்டு வைத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள். படித்தவன், கையில் பணம் உள்ளவன், மூன்று நாளில் வீடு திரும்பப் போகிறவன் எனக்கே தொண்டை அடைத்தது.

மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவரைப் பார்க்க அவருடைய அண்ணன் வந்தார். என் மேஜையில் கிடந்த தமிழ்ப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "சாப்டீங்களா?" என்றார். தமிழில். மனைவியின் அறுவை சிகிச்சைக்காக வேலூரில் நாலு மாதம் அறை எடுத்துத் தங்கியிருந்தவர் அவர். தெரிந்தது மொத்தம் இருபது தமிழ்ச் சொல்தான் இருக்கும். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டேன். அவர்தான் பில்லை வாங்கி வரி வரியாகக் கேட்டார், இரண்டு முறை போட்டிருந்த ஒரு பரிசோதனைக் கட்டணத்தை எடுக்க வைத்தார். மிச்சம் இருபத்தோராயிரத்து அறுநூறு கட்டினேன். பாங்குராவிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே போயிருந்தால் பெரும்பாலும் இலவசம் என்று அவர்தான் சொன்னார். எந்த வழியில் நடந்தாலும், வழியில் உள்ள அரசு மருத்துவமனைகளின் பெயரை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நோய், மாத்திரை, ஒத்துக்கொள்ளாத மருந்து, வீட்டு எண் எல்லாவற்றையும் அந்த ஊர் மொழியில் ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். இந்த அனுபவத்திலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால் நான் அதைத்தான் சொல்வேன்.

வீட்டில் சொல்லியிருக்கவில்லை. டிஸ்சார்ஜ் ஆன அன்று போன் போட்டேன். "நீங்க நடந்தது போதும், இப்பவே கிளம்பி வாங்க," என்றாள் மனைவி. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ரயில் டிக்கெட் எதுவும் கிடைக்காமல் விமானத்தில் பதினோராயிரத்து இருநூறு கொடுத்துத் திருவனந்தபுரம் வந்தேன். முன்பணம் எட்டாயிரம், ஷூ, கார், மருத்துவம், விமானம் எல்லாம் சேர்ந்து நாற்பத்தெட்டாயிரம். ஓய்வூதியக்காரனுக்கு அது சின்னத் தொகை இல்லை. இரண்டு மாதம் அதைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்கவில்லை.

அப்புறம் ஜூனில் வங்க எழுத்தைப் படிக்கத் தொடங்கினேன். நம்மால் முடியும், பயப்பட வேண்டாம். வரிசை ஒன்றுதான், நமக்கு ஒரு 'க' இருக்கிற இடத்தில் அவர்களுக்கு நாலு. எழுதுவது ஒன்றாகவும் சொல்வது ஒன்றாகவும் இருப்பதுதான் கஷ்டம். 'ஜல்' என்று எழுதியிருப்பதை 'ஜொல்' என்பார்கள். வ என்ற ஒலி ப ஆகிவிடும், வேலூர் பேலோர் ஆனது அப்படித்தான். தினம் ஒரு மணி நேரம், நாலு மாதத்தில் எழுத்துக் கூட்டிச் செய்தித்தாள் தலைப்பைப் படிக்க வந்தது. மான்பூம் போராட்டத்தின் குரலாக இருந்த முக்தி இதழின் சில பக்கங்களைப் படமாக, நர்சிங் ஹோமில் என்னிடம் தமிழில் பேசிய பாங்குரா நண்பர் தேடி அனுப்பினார். பழைய வங்க இதழ்களில் வங்க ஆண்டுதான் போட்டிருக்கும். அதோடு 593ஐக் கூட்டினால் நம் ஆண்டு என்று எங்கோ படித்திருந்தேன். 1360இல் துசு சத்தியாக்கிரகம் என்று பார்த்துவிட்டு 1953ஐப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் தேடினேன். அது நடந்தது 1954 ஜனவரியில். வங்க ஆண்டு ஏப்ரல் நடுவில்தான் மாறும், அதனால் ஜனவரியிலிருந்து ஏப்ரல் பாதி வரையுள்ள தேதிகளுக்கு 594ஐக் கூட்ட வேண்டும்.

துசு என்பது அந்தப் பக்கத்துப் பெண்களின் அறுவடைத் திருநாள். பௌஷ மாதம் முழுக்க ராத்திரி ராத்திரியாகப் பாடிவிட்டு, மகர சங்கராந்தி அன்று, அதாவது நம் பொங்கலன்று, சௌடல் என்ற வண்ணக் காகிதத் தேர்களை ஆற்றுக்குக் கொண்டுபோவார்கள். கூட்டம் போடத் தடை இருந்த காலத்தில் மான்பூம்காரர்கள் இந்தத் துசு மெட்டில்தான் மொழிக்கான பாட்டுகளைக் கட்டிச் சந்தையிலும் தெருவிலும் பாடினார்கள், பாடியதற்காகவே ஜெயிலுக்குப் போனார்கள். மான்பூமின் தாய் என்று அழைக்கப்பட்ட லாவண்ய பிரபா கோஷும் அந்தச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர். நூறு வயதைத் தாண்டி 2003 வரை வாழ்ந்தார். இதைப் படித்த பிறகு தேதியை யோசிக்கவே இல்லை. இந்த முறை வீட்டில் சொல்லிவிட்டே கிளம்பினேன். 2025 பொங்கலன்று கங்சாபதி ஆற்றங்கரையில் நின்றேன். அங்கே அதைக் காசாய் என்கிறார்கள். குளிர் கூடாது என்று நண்பர் ஒரு சால்வையைப் போர்த்திவிட்டார். ஊதா, சிவப்பு, மஞ்சள் என்று சௌடல்கள் தண்ணீரில் இறங்க இறங்க, கிழவிகள் முதல் சின்னப் பெண்கள் வரை பாடிக்கொண்டே இருந்தார்கள். சொல் பாதிதான் புரிந்தது. வீட்டுக்குப் போய்ப் பிட்டே என்ற அரிசிப் பலகாரம் சாப்பிட்டோம், உள்ளே தேங்காயும் வெல்லமும். மனைவிக்குப் போன் போட்டு நம்மூர்க் கொழுக்கட்டை மாதிரியே இருக்கிறது என்றேன்.

விழுந்த இடத்திலிருந்தே மறுபடி நடந்தேன். பேலியாத்தோட், சோனாமுகி, பாத்ரசாயர், கண்டகோஷ், பர்த்வான், மேமாரி, பாண்டுவா, சுசுரா, சந்தன்நகர், ஹவுரா. உடன் பாங்குராவின் ஓர் இளம் ஆசிரியர் முதல் ஆறு நாள் வந்தார், தினக்கூலியாக எண்ணூறு பேசிக்கொண்டோம். பேலியாத்தோட்-சோனாமுகிக் காட்டில் யானைகள் உண்டு. காலையில் கிளம்பும் முன் வனத்துறை பீட் அலுவலகத்தில் கேட்டுவிட்டே போங்கள். எங்களை ஒரு நாள் பாதி நேரம் நிறுத்திவைத்தார்கள், கூட்டம் ரோட்டைக் கடந்த பிறகுதான் விட்டார்கள். பர்த்வானுக்கு அப்புறம் பச்சை வயலும் கூட்டமான ரோடும்தான், லாரிகளுக்கு ஒதுங்கி நடப்பதே வேலை. அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. முந்தின அக்டோபர் 3 அன்றுதான் வங்க மொழிக்கு மத்திய அரசு செம்மொழித் தகுதி கொடுத்திருந்தது. சோனாமுகியில் தையற்கடை வைத்திருந்த ஒருவர் அதைப் பெருமையாகச் சொன்னார். தமிழுக்கு 2004இலேயே கிடைத்தது என்றேன், கைகுலுக்கினார். பிறகு, செம்மொழி ஆகிவிட்டது, என் பேரன்தான் வங்க மொழியில் எழுதத் திணறுகிறான் என்றார். எங்கள் வீட்டிலும் அதே கதைதான் என்று சொல்ல நேர்ந்தது.

1956இல் அவர்கள் நடந்துகொண்டிருக்கும்போதே, மே 4 அன்று, பிதான் சந்திர ராய் இணைப்புத் திட்டத்தைக் கைவிட்டார். இருந்தாலும் அவர்கள் திரும்பவில்லை. மே 6 அன்று கல்கத்தாவுக்குள் நுழைந்தார்கள், மறுநாள் தடையை மீறிக் கைதானார்கள். நவம்பர் 1 அன்று மான்பூமின் ஒரு பகுதி மட்டும் புருலியா மாவட்டமாக மேற்கு வங்காளத்துக்கு வந்தது. தன்பாத் வரவில்லை, சாஸ் வரவில்லை, சாண்டில் வரவில்லை. எங்களுக்கும் தேவிகுளமும் பீர்மேடும் வராமல் போனது போலத்தான்.

ஜனவரி 27 மத்தியானம் ஹவுரா பாலத்தில் ஏறினேன். என்னைப் பார்க்க அங்கே யாரும் இல்லை, பூச்சந்தைக்குப் போகிற சுமைக்காரர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். பாதிப் பாலத்தில் நின்று அப்பாவை நினைத்துக்கொண்டேன். பிறகு பாங்குரா நண்பருக்குப் போன் போட்டு வந்துவிட்டேன் என்றேன், வங்க மொழியிலேயே. "கேயேச்சேன்?" என்று கேட்டார். சாப்டீங்களா என்றுதான் அர்த்தம். இன்னும் இல்லை தாதா என்றேன். இந்த இரண்டாவது பயணத்துக்கு, போக வர ரயிலும் ஆசிரியரின் கூலியும் சேர்த்து மொத்தம் பதினேழாயிரம்தான் ஆயிற்று. போக நினைக்கிறவர்கள் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிவுக்குள் போங்கள், ரயிலுக்கு இரண்டு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள், வேலூர்க் கூட்டத்தால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.